எஸ்எம்பிஎஸ்ஸை லோடு ஏற்றிச் சோதிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது. விண்டோஸ் வருகிறது, பிரவுசர் ஓடுகிறது, பாட்டு கேட்கிறது. கேம் திறந்த இரண்டாவது நிமிடம் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டியைக் கழற்றி, பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.1, 5.05, 3.33 வோல்ட். எல்லாம் சரியாக இருக்கிறதே என்று சந்தேகம் மதர்போர்டு மேல் போகிறது, பிறகு கிராஃபிக்ஸ் கார்டு மேல் போகிறது, பணம் வீணாகிறது.

லோடு, அதாவது மின்சாரத்தை இழுக்கும் பாரம், இல்லாமல் எடுத்த அளவு ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லும்: எஸ்எம்பிஎஸ் முழுதாகச் சாகவில்லை. வலுவிழந்த கெப்பாசிட்டர், தளர்ந்த கனெக்டர் பின், சூடானதும் தடுமாறும் ரெகுலேஷன் (வோல்டேஜை நிலையாகப் பிடிக்கும் பகுதி) எல்லாம் ஆம்பியர் ஓடும்போதுதான் வெளியே வரும். அதனால் லோடு கொடுத்து, சூடாக்கி, சரியான இடத்தில் அளக்க வேண்டும். அதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கார் ஹெட்லைட் பல்பே போதும்.

லேபிளில் பார்க்க வேண்டியது

பெட்டி மேல் பெரிதாக அச்சிட்ட 450, 500 என்ற எண்ணை விட்டுவிடுங்கள். உள்ளே உள்ள அட்டவணையில் +12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். இன்றைய பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பகுதி மின்சாரத்தை 12 வோல்ட் லைனில்தான் எடுக்கின்றன; எனவே உண்மையான திறன் இந்தப் பெருக்கல்தான். 30 ஆம்பியர் என்றால் 360 வாட். கேபினெட்டோடு சேர்ந்து வரும் மலிவு ரகத்தில் மேலே 450 என்று இருக்கும், அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் இருக்கும். அது 168 வாட் சரக்கு. அதில் 360 வாட்டை ஏற்றினால் அணையத்தான் செய்யும். அதைப் பழுது என்று சொல்ல முடியாது, பொருளே அவ்வளவுதான்.

12 வோல்ட் இரண்டு வரிசையாகப் பிரிந்திருந்தால் இரண்டு ஆம்பியரையும் கூட்டாதீர்கள். கீழே இரண்டுக்கும் சேர்த்து ஒரு வாட் வரம்பு எழுதியிருப்பார்கள், அதுதான் கணக்கு. 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இதே போலச் சேர்த்து ஒரு வரம்பு இருக்கும்.

சோதனைக்கு 12 வோல்ட் திறனில் 80% வரை ஏற்றினால் போதும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை 100% வரை தள்ளிப் பார்ப்பதில் பெரிய லாபம் கிடையாது, கெடுக்கும் வாய்ப்புதான் அதிகம். கோடையில் அறையே 38 டிகிரி இருக்கும்போது இது இன்னும் பொருந்தும்.

தேவையான சாமான்கள்

எச்4 ஹாலஜன் பல்பு, 12 வோல்ட், 60/55 வாட். எந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். ஒரு பல்புக்குள் இரண்டு இழைகள். 60 வாட் இழை 5 ஆம்பியர், 55 வாட் இழை சுமார் 4.6 ஆம்பியர். இரண்டும் எரிந்தால் 9.6 ஆம்பியர், 115 வாட். 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸை 80% வரை ஏற்ற 24 ஆம்பியர் வேண்டும்: இரண்டு பல்பு முழுதாகவும் மூன்றாவதில் 60 வாட் இழை மட்டும் எரிந்தால் கணக்கு சரியாகிவிடும். பல்போடு மூன்று ஒயர் வைத்த எச்4 ஹோல்டரும், இழைக்கு ஒன்றாக வண்டிகளுக்கான 12 வோல்ட் சுவிட்சும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று முனைகளில் பொதுவானது எது என்று தெரியாவிட்டால் இரண்டு இரண்டாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். மங்கலாக எரியும் ஜோடியில் இரண்டு இழையும் தொடராக இருக்கின்றன. அந்த ஜோடியில் சேராத மூன்றாவது முனைதான் பொது.

5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் 1 ஓம், 50 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டர்கள். 5 வோல்ட்டில் ஒன்று 5 ஆம்பியர் இழுத்து 25 வாட் வெப்பம் தரும். 3.3 வோல்ட்டில் 3.3 ஆம்பியர், 11 வாட். அந்த 50 வாட் என்பது ஹீட்சிங்க்கில் இறுக்கியிருந்தால் மட்டுமே. வெறுமனே மேசையில் கிடந்தால் பாதிகூடத் தாங்காது. பழைய பிராசசர் ஹீட்சிங்க் ஒன்றில் தெர்மல் பேஸ்ட் தடவி ஸ்க்ரூ போடுங்கள். 1 ஓம் ரெசிஸ்டரைத் தவறியும் 12 வோல்ட்டில் கொடுத்துவிடாதீர்கள். 144 வாட் பாய்ந்து வெடித்துவிடும். ரெசிஸ்டர் கிடைக்காவிட்டால் எச்4 பல்பையே 5 வோல்ட்டில் கொடுக்கலாம். 60 வாட் இழை அங்கே மங்கலாகச் சிவந்து ஏறக்குறைய 3 ஆம்பியர் எடுக்கும்.

மல்டிமீட்டர் ஒன்று. ஆம்பியர் பார்க்க கிளாம்ப் மீட்டர் இருந்தால் நல்லது, ஆனால் டிசி ஆம்பியர் காட்டும் மாடலாக இருக்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெரும்பாலான கிளாம்ப் மீட்டர்கள் ஏசி மட்டும்தான் அளக்கும். மஞ்சள் (12 வோல்ட்) ஒயரில் மாட்டினால் பூஜ்யம் காட்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்த கேபிளை வெட்டாதீர்கள். 24 பின் (மதர்போர்டுக்கானது), 8 பின், மோலெக்ஸ் (பழைய ஹார்ட் டிஸ்க்குக்கான 4 பின்) எக்ஸ்டென்ஷன் கேபிள்களை வாங்கி அவற்றின் மறுமுனையை வெட்டி பல்போடு இணையுங்கள். ஒரு முறை செய்தால் எத்தனை எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பயன்படும்.

எந்த கனெக்டரில் எவ்வளவு

தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். மோலெக்ஸ் 4 பின்னில் ஒரு இழை, அதாவது 5 ஆம்பியர், தாராளமாகத் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6 பின் கனெக்டரின் வரம்பு 75 வாட், 8 பின்னின் வரம்பு 150 வாட். ஆகவே ஒரு முழு எச்4 பல்பு 8 பின்னில் சரியாகப் பொருந்தும். பிராசசருக்கான 8 பின்னில் நான்கு 12 வோல்ட் ஒயர்கள் உள்ளன, அதிலும் ஒரு முழு பல்பு போடலாம். மூன்றாவது பல்பின் ஒற்றை இழையை மோலெக்ஸில் கொடுங்கள். சாட்டா பவர் கனெக்டரில் பல்பு கொடுக்கவே கூடாது. அதில் ஒரு லைனுக்கு மொத்தமே 4.5 ஆம்பியர்தான், பிளாஸ்டிக் உருகி தீப்பிடிக்கும்.

பிராசசர் 8 பின்னும் கிராஃபிக்ஸ் 8 பின்னும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனால் போலாரிட்டி (எந்தப் பக்கம் பிளஸ், எந்தப் பக்கம் கிரவுண்ட் என்பது) தலைகீழ். பிராசசர் கனெக்டரில் கொக்கி உள்ள பக்கம் 12 வோல்ட். கிராஃபிக்ஸ் கனெக்டரில் கொக்கி உள்ள பக்கம் கிரவுண்ட். இப்போது வரும் கேபிள்கள் முழுக்கக் கருப்பு என்பதால் நிறத்தை நம்ப வழியில்லை. பல்புக்கு போலாரிட்டி முக்கியமல்ல, ஆனால் இரண்டு கேபிளின் கிரவுண்டையும் ஒன்றாக முறுக்குகிறவர்களுக்கு இது நேரடி ஷார்ட். மீட்டரில் பார்த்துவிட்டு இணையுங்கள்.

தொடங்கும் முன்

எஸ்எம்பிஎஸ்ஸைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, கம்ப்யூட்டரின் எந்தப் பாகமும் அதில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும். ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைத் திருத்தும் சர்க்யூட்) உள்ளவற்றில் 380 முதல் 400 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும்.

மூன்று பின் பிளக்கில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அருகில், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட் மட்டும் காட்ட வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் உடம்பில் மெயின்ஸில் பாதி வோல்டேஜ் மிதக்கும். கேபினெட்டைத் தொட்டால் விறுவிறுப்பது அதனால்தான். இங்கே பல்பு, ரெசிஸ்டர் எல்லாமே அந்த உடம்போடு இணைந்திருப்பதால் எர்த் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

யூபிஎஸ் வழியாகவும் சோதிக்க வேண்டாம். வீட்டில் உள்ள 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். அது ஓவர்லோடு ஆகி அணைந்தால் குற்றம் எஸ்எம்பிஎஸ் மேல் விழும். சர்வீஸ் செய்பவர்கள் வைத்திருக்கும் சீரியஸ் லாம்ப் போர்டு (மெயின்ஸில் தொடராக ஒரு பல்பு வைத்த போர்டு), ஷார்ட் இருக்கிறதா என்று முதல் தடவை பார்க்க மட்டும் உதவும். லோடு ஏற்றும்போது அது இடையில் இருந்தால் உள்ளே போகும் வோல்டேஜையே குறைத்துவிடும், எடுத்துவிடுங்கள்.

பல்புகளைச் செங்கல் அல்லது டைல்ஸ் மேல் வைத்து, சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். சுற்றி ஒரு அடிக்குத் துணி, காகிதம், கேபிள் எதுவும் வேண்டாம்.

சோதனை

மெயின்ஸ் கொடுங்கள், ஆனால் இன்னும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். 24 பின் கனெக்டரில் ஊதா ஒயரில், அதாவது 9-ஆம் பின்னில், ஸ்டாண்ட்பை 5 வோல்ட் (கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வருவது) வந்திருக்க வேண்டும். அதற்கும் லோடு கொடுங்கள்: 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் 1 ஆம்பியர் எடுக்கும். கம்ப்யூட்டர் சில நாள் ஆன் ஆகும், சில நாள் ஆகாது என்ற புகாருக்கு இந்த ஸ்டாண்ட்பை பகுதியின் கெப்பாசிட்டர் காய்ந்துபோனது ஒரு பொதுவான காரணம். லோடு இல்லாமல் 5.05 காட்டி, 1 ஆம்பியரில் 4.6-க்கு இறங்கினால் சோதனை இங்கேயே முடிந்தது.

அடுத்து 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் தலா ஒரு ரெசிஸ்டரை இணைத்துவிட்டு, பச்சை ஒயரை, அதாவது 16-ஆம் பின்னை, பக்கத்தில் உள்ள கருப்போடு இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். நிறம் இல்லாத கேபிள் என்றால், கொக்கி உள்ள வரிசை 13 முதல் 24 வரை. அதில் நான்காவது பின் 16, ஐந்தாவது கிரவுண்ட். ஃபேன் சுற்றாவிட்டால் பதற வேண்டாம். குறைந்த லோடில் ஃபேனை நிறுத்தி வைக்கும் மாடல்கள் நிறைய உண்டு. சாம்பல் நிற ஒயரில், 8-ஆம் பின்னில், சுமார் 5 வோல்ட் வந்திருந்தால் எஸ்எம்பிஎஸ் தயாராகிவிட்டது. இது பவர் குட் சிக்னல், வோல்டேஜ் சரியாக இருக்கிறது என்று மதர்போர்டுக்குச் சொல்வது. ஏடிஎக்ஸ் (கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸுக்கான தர நிர்ணயம்) விதிப்படி ஸ்டார்ட் ஆகி 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் இது வர வேண்டும்.

இனி பல்புகள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடாதீர்கள், பல்பு இணைந்த நிலையில் ஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். 5 ஆம்பியர் இழை முதல் சில மில்லி செகண்டுகளில் 50 ஆம்பியர் வரை கேட்கும். ஆறு இழைகள் சேர்ந்து கேட்டால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, இடையில் சில விநாடி விட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் 12, 5, 3.3 மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே அளக்கிறீர்கள் என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது. 18 கேஜ் ஒயரில் மீட்டருக்கு 21 மில்லி ஓம் மின்தடை. 60 சென்டிமீட்டர் கேபிளில், ஒரே ஒயர் ஜோடியில் 5 ஆம்பியர் போய்த் திரும்பினால் 0.12 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். பல்பின் முனையில் 11.6 காட்டியதும் எஸ்எம்பிஎஸ் மோசம் என்று முடிவு செய்யக் கூடாது. லோடு எதுவும் இணைக்காத இன்னொரு மோலெக்ஸ் அல்லது சாட்டா கேபிளில் அளந்தால், ஒயரின் இழப்பு சேராமல், எஸ்எம்பிஎஸ் உள்ளே என்ன இருக்கிறதோ அது கிடைக்கும். பிறகு லோடு உள்ள கனெக்டரிலும் அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒயரும் பின்னும் தின்பது. 8 பின் போன்ற பல ஒயர் கனெக்டரில் இந்த வித்தியாசம் 0.3 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பின்களில் தளர்ச்சியோ கருகலோ இருக்கிறது. கை வைத்தால் சூடே காட்டிக்கொடுத்துவிடும்.

80% லோடில் அரை மணி நேரம் விடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவு எடுங்கள். பல கோளாறுகள் பதினைந்தாவது நிமிடத்துக்கு மேல், உள்ளே எல்லாம் கொதித்த பிறகுதான் தலைகாட்டும். முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோவதில் பயனில்லை. சோதனை ஓடும்போது அறையை விட்டு வெளியேறவும் வேண்டாம். கருகிய வாடையோ சீறும் சத்தமோ வந்தால் மெயின்ஸை அணையுங்கள்.

நிறுத்துவதற்கு முன் ஒரு பல்பை மட்டும் சில தடவை அணைத்து ஏற்றுங்கள். மீட்டரில் மினிமம்-மேக்ஸிமம் (மிகக் குறைந்த, மிக அதிக அளவைப் பிடித்து வைக்கும்) வசதி இருந்தால் 12 வோல்ட் எவ்வளவு ஆழம் போய்த் திரும்புகிறது என்று ஓரளவு தெரியும். சாம்பல் ஒயரின் 5 வோல்ட் ஒருபோதும் விழக் கூடாது. அது விழுந்தால்தான் மதர்போர்டு ரீசெட் ஆகிறது.

அளவுகளைப் புரிந்துகொள்வது

ஏடிஎக்ஸ் விதி அனுமதிக்கும் எல்லைகள்:

12 வோல்ட்: 11.40 முதல் 12.60 வரை
5 வோல்ட், ஸ்டாண்ட்பை 5 வோல்ட்: 4.75 முதல் 5.25 வரை
3.3 வோல்ட்: 3.14 முதல் 3.46 வரை
மைனஸ் 12 வோல்ட்: 10.8 முதல் 13.2 வரை

எல்லைக்குள் இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், லோடு ஏறும்போது எவ்வளவு நகர்கிறது என்பதையும் பாருங்கள். 12.08-இல் தொடங்கி 80% லோடில் 11.95-இல் அசையாமல் நிற்பது ஆரோக்கியமானது. 12.25-இல் தொடங்கி 11.45-க்கு வருவது விதிப்படி பாஸ். ஆனால் கோடையில் கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் அதை வைக்க மாட்டோம். அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போவது இன்னும் மோசமான அறிகுறி.

12 வோல்ட் இறங்க இறங்க 5 வோல்ட் மேலே ஏறினால் அது க்ரூப் ரெகுலேஷன் வகை. இரண்டு லைனையும் ஒரே கட்டுப்பாடு சேர்த்துப் பிடிப்பதால் ஒன்றில் பாரம் கூடினால் மற்றது எதிர்ப்பக்கம் போகும். 5 வோல்ட்டில் லோடே இல்லாமல் 12 வோல்ட்டை மட்டும் ஏற்றினால் இந்த வகை எல்லை தாண்டும். ரெசிஸ்டர்களை முதலிலேயே இணைக்கச் சொன்னது அதற்காக. 12 வோல்ட்டிலிருந்து தனித்தனி கன்வெர்ட்டர் வைத்து 5-ஐயும் 3.3-ஐயும் உருவாக்கும் நல்ல வகைகளில் இந்த இழுபறி தெரியாது.

3.3 வோல்ட் மட்டும் விலகி நின்றால் 24 பின்னின் 13-ஆம் பின்னைப் பாருங்கள். அங்கே ஆரஞ்சு (3.3 வோல்ட்) ஒயரோடு, வோல்டேஜை எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் திருப்பிக் காட்டும் ஒரு மெல்லிய சென்ஸ் ஒயர் சேர்ந்து வரும். அது அறுந்திருக்கலாம்.

அணைந்துபோனால், எப்படி அணைந்தது என்று கவனியுங்கள். அணைந்து, பச்சை ஒயரை எடுத்து மாட்டினாலும் வராமல், மெயின்ஸை நிறுத்தி சில விநாடி கழித்துக் கொடுத்தால்தான் வருகிறது என்றால் பாதுகாப்பு சர்க்யூட் பூட்டிக்கொண்டது. லேபிள் அளவுக்குள்ளேயே இப்படி நடந்தால் எஸ்எம்பிஎஸ் பலவீனம். ஆறியதும் மட்டும் திரும்ப வருகிறது என்றால் வெப்பப் பாதுகாப்பு. ஃபேனையும் தூசியையும் பாருங்கள்.

ரிப்பிள்

வோல்டேஜ் சரியாக இருந்தும் கம்ப்யூட்டர் தடுமாறினால் அடுத்த சந்தேகம் ரிப்பிள், அதாவது டிசி வோல்டேஜின் மேல் வரும் வேகமான சின்ன ஏற்ற இறக்கம். வரம்பு: 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட், 5 மற்றும் 3.3 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட், உச்சியிலிருந்து உச்சிக்கு. இதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் லிமிட்டைப் போட்டு, ஏசி கப்ளிங்கில், அளக்கும் இடத்தில் ஒரு 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கையும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கையும் இணையாக வைத்து, ப்ரோபின் கிரவுண்ட் ஒயரை முடிந்தவரை சிறியதாக வைத்து எடுங்கள். நீளமான கிரவுண்ட் கிளிப் ஆன்டெனா மாதிரி வேலை செய்து இல்லாத ரிப்பிளைக் காட்டும்.

மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ரிப்பிள் பார்ப்பது பரவலான பழக்கம். சாதாரண மீட்டர் சில நூறு ஹெர்ட்ஸ் வரை மட்டுமே சரியாகப் படிக்கும், எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்விட்சிங் ரிப்பிளோ பல பத்து கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. அதில் பெரிய எண் வந்தால் நிச்சயம் கோளாறு. சின்ன எண் வந்தால் எதுவும் உறுதியாகவில்லை.

பல்பு இல்லாதவர்களுக்கு

கம்ப்யூட்டரையே லோடாக வைக்கலாம். ஓசிசிடி மென்பொருளின் பவர் டெஸ்ட், அல்லது பிரைம்95-ஐயும் ஃபர்மார்க்கையும் சேர்த்து ஓட்டினால் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் ஒன்றாக முழு வேகத்தில் இழுக்கும். முதலில் இரண்டையும் தனித்தனியே ஓட்டி வெப்பநிலை கட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டால் அணைவதை எஸ்எம்பிஎஸ் தலையில் கட்டக் கூடாது. வோல்டேஜை மென்பொருளில் பார்க்காதீர்கள். மதர்போர்டு சென்சார் காட்டும் 12 வோல்ட் பல போர்டுகளில் தவறாக இருக்கும். மீட்டரின் மெல்லிய ப்ரோபை கனெக்டரின் பின்பக்கமாக, ஒயர் நுழையும் துளையில் விட்டு நேரடியாக அளங்கள். கருப்பு ப்ரோபைக் கேபினெட்டில் வைக்காமல் அதே கனெக்டரின் கருப்பு ஒயரில் வையுங்கள். கை நழுவி இரண்டு பின்னை ஒன்றாகத் தொட்டால் ஷார்ட் என்பதால், ஓடாத நிலையில் ப்ரோபை நுழைத்துவிட்டு ஸ்டார்ட் செய்வது பாதுகாப்பு.

விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பதிவாகியிருப்பதை எஸ்எம்பிஎஸ் பழுது என்பதற்கு ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

பல்பு சோதனையில் பாஸ் ஆகி, கேமில் மட்டும் அணைகிற எஸ்எம்பிஎஸ்ஸும் உண்டு. பெரிய கிராஃபிக்ஸ் கார்டுகள் சராசரியைப் போல இரு மடங்கு மின்சாரத்தை மிகச் சிறிய நேரத்துக்கு உறிஞ்சும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, மொத்தத் திறனில் 200% வரை 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்க வேண்டும் என்று சேர்த்தது இதற்காகத்தான். அதற்கு முந்தைய மாடல்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எரிந்துகொண்டிருக்கும் பல்பு நிதானமான லோடு, அதில் இந்தத் துள்ளல் வராது. அப்படிப்பட்ட சந்தேகம் இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70%-க்குக் குறைத்து அதே கேமை ஓட்டிப் பாருங்கள். அணைவது நின்றால், கார்டு அல்லாமல் எஸ்எம்பிஎஸ்ஸையே முதலில் மாற்றிப் பாருங்கள்.